எண்ண வேண்டியது எது? உட்கதிர்வீச்சுச் சிகிச்சையும் அமெரிக்க மருத்துவப் பில்லிங் குறியீடுகளும்

புற்றுநோய்க்கு அளிக்கப்படும் கதிர்வீச்சுச் சிகிச்சையை இரண்டாகப் பிரிப்பது வழக்கம். லீனியர் ஆக்சிலரேட்டர் போன்ற பெரிய கருவியில் உருவாகும் கதிர், உடலுக்கு வெளியிலிருந்து தோலைக் கடந்து சென்று கட்டியை அடைவது ஒரு வகை. கதிரியக்கப் பொருளையே கட்டிக்குள்ளோ, கட்டியை ஒட்டிய உடற்குழிக்குள்ளோ வைத்து, மிகக் குறைந்த தூரத்திலிருந்து கதிரைச் செலுத்துவது மற்றொரு வகை. மருத்துவமனைகளில் பிராக்கிதெரபி என்ற பெயரில் வழங்கும் இந்த இரண்டாம் வகை புதியதன்று. 1898-ல் ரேடியம் கண்டுபிடிக்கப்பட்டுச் சில ஆண்டுகளுக்குள், 1901-ல் பாரிசில் டான்லோஸ் என்ற மருத்துவர் அதைத் தோல் நோய்க்குப் பயன்படுத்தினார். 1903-ல் நியூயார்க்கில் மார்கரெட் கிளீவ்ஸ் என்ற பெண் மருத்துவர் கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கு அதைப் பயன்படுத்தியதைப் பதிவுசெய்தார். மூலத்திலிருந்து விலகிச் செல்லச் செல்லக் கதிரின் வலிமை, தூரத்தின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் குறைந்துவிடும் என்ற எளிய இயற்பியல் விதிதான் இதன் அடிப்படை. கட்டி பெரும் அளவில் கதிரைப் பெற, சில சென்டிமீட்டருக்கு அப்பாலுள்ள சிறுநீர்ப்பையும் மலக்குடலும் அதில் ஒரு பங்கை மட்டுமே பெறுகின்றன.

இன்றைய நடைமுறையில் இது, கதிரளவு செலுத்தப்படும் வீதத்தைப் பொறுத்து, இரண்டு வடிவங்களில் நிகழ்கிறது. உயர் வீதச் சிகிச்சையில், சில மில்லிமீட்டர் நீளமே உள்ள ஓர் இரிடியம்-192 மூலம் மெல்லிய எஃகுக் கம்பியின் நுனியில் பொருத்தப்பட்டிருக்கும். ஆஃப்டர்லோடர் என்ற கருவி, மருத்துவரும் ஊழியரும் வெளியே நிற்க, அந்தக் கம்பியை நோயாளியின் உடலில் முன்கூட்டியே பொருத்தப்பட்ட குழாய்களுக்குள் ஒன்றன்பின் ஒன்றாகச் செலுத்தி, குறித்த இடங்களில் குறித்த நொடிகள் நிறுத்தி, பின் தன் கதிர்த்தடுப்புப் பெட்டகத்துக்குள் இழுத்துக்கொள்ளும். இரிடியம்-192-இன் அரையாயுட்காலம் ஏறத்தாழ 74 நாள் என்பதால், மூன்று மாதத்துக்கு ஒருமுறை மூலத்தை மாற்றியாக வேண்டும். தாழ் வீதச் சிகிச்சையில், டைட்டானியம் உறையிட்ட, ஏறத்தாழ 4.5 மில்லிமீட்டர் நீளமுள்ள கதிரியக்க விதைகள் புரோஸ்டேட் சுரப்பிக்குள் நிரந்தரமாகப் பதிக்கப்படுகின்றன. அவற்றில் இருப்பது அயோடின்-125 ஆனால் அரையாயுட்காலம் ஏறத்தாழ 60 நாள். பல்லேடியம்-103 ஆனால் 17 நாள். சீசியம்-131 ஆனால் பத்து நாளுக்கும் குறைவு.

இவ்வுரை எடுத்துக்கொள்ளும் பொருள், இந்தச் சிகிச்சை அமெரிக்காவில் எவ்வாறு பில்லாக மாறுகிறது என்பதாகும். அது தொலைதேசத்துச் செய்தியாகத் தோன்றலாம். ஆனால் அமெரிக்க மருத்துவமனைகளின் சிகிச்சைப் பதிவுகளைப் படித்துக் குறியீடு இடும் கோடர்களில் பலர் சென்னையிலும் கோயம்புத்தூரிலும் திருச்சியிலும் இருந்து பணிபுரிகிறார்கள். உயிரியலோ மருந்தியலோ நர்சிங்கோ படித்த இளைஞர்கள் மெடிக்கல் கோடிங் வகுப்பில் சேர்ந்து, சிபிசி என்னும் தேர்வை எழுதி, கதிர்வீச்சுத் துறையின் கோப்புகளை நாள்தோறும் கையாள்கிறார்கள். அவர்கள் மனப்பாடமாக அறிந்திருக்கும் ஐந்திலக்க எண்களுக்குப் பின்னால், 'இந்தச் சிகிச்சையில் எண்ண வேண்டியது எது' என்ற கேள்வி நெடுங்காலமாக இருந்துவந்திருக்கிறது. விதையை எண்ணுவதா, குழாயை எண்ணுவதா, சிகிச்சை நாளை எண்ணுவதா, அல்லது அனைத்தையும் ஒன்றாகக் கட்டி ஒரே தொகை கொடுத்துவிடுவதா என்பதற்கு ஒவ்வொரு காலமும் வெவ்வேறு விடை தந்திருக்கிறது. அந்த விடைகளின் வரலாறே இந்தக் குறியீடுகள்.

ஒரு கிளைமில், அதாவது காப்பீட்டு நிறுவனத்துக்கோ அரசுத் திட்டத்துக்கோ அனுப்பப்படும் கட்டணக் கோரிக்கையில், மூன்று குறியீட்டுத் தொகுதிகள் சேர்ந்து வருகின்றன. நோய் எது என்பதைச் சொல்வது ஐசிடி-10-சிஎம். அமெரிக்காவில் இது 2015 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் உள்ளது. செய்யப்பட்ட செயல் எது என்பதைச் சொல்வது சிபிடி. அமெரிக்க மருத்துவச் சங்கம் 1966-ல் முதன்முதலாக வெளியிட்ட இத்தொகுதியை, 65 வயது கடந்தோருக்கான அரசுக் காப்பீடாக 1965-ல் சட்டமான மெடிகேர் 1983-ல் தன் கட்டண முறைக்குள் ஏற்றுக்கொண்டது. பயன்படுத்தப்பட்ட பொருளைச் சொல்வது, அலுவலகங்களில் ஹிக்பிக்ஸ் என்று அழைக்கப்படும் தொகுதியின் இரண்டாம் நிலை. கதிரியக்க மூலங்களுக்கான சி எழுத்தில் தொடங்கும் எண்கள் இங்கேதான் உள்ளன. இவற்றோடு மாடிஃபையர் எனப்படும், இரண்டு எண்ணோ எழுத்தோ கொண்ட ஒட்டுகளும் உண்டு. மருத்துவமனைக்குச் சொந்தமான கருவியைக் கொண்டு சிகிச்சை நடக்கும்போது மருத்துவர் தம் அறிவுழைப்புக்கு மட்டும் கட்டணம் கேட்பதைக் குறிக்க 26 என்ற ஒட்டும், தனி மையமொன்று கருவி, ஊழியர் ஆகியவற்றின் செலவை மட்டும் கேட்பதைக் குறிக்க டிசி என்ற ஒட்டும் இடப்படுகின்றன.

நோய்க் குறியீட்டிலேயே முதல் இடறல் காத்திருக்கிறது. கதிர்வீச்சுச் சிகிச்சைக்காக மட்டுமே வந்த நோயாளிக்கு, இசட்51.0 என்ற குறியீட்டை முதலில் எழுதி, புற்றுநோயின் குறியீட்டை இரண்டாவதாக எழுத வேண்டும் என்பது வெளிக்கதிர்ச் சிகிச்சையில் ஊறிய விதி. அதே பழக்கத்தில் பிராக்கிதெரபிக்கும் எழுதினால் தவறாகிவிடும். கதிரியக்கப் பொருளை உடலில் பொருத்துவதற்காக நோயாளி வந்திருந்தால் புற்றுநோயின் குறியீட்டையே முதலில் எழுத வேண்டும், இசட்51.0-ஐ இடவே கூடாது என்று ஐசிடி-10-சிஎம்-இன் அதிகாரபூர்வ வழிகாட்டி வெளிப்படையாகச் சொல்கிறது. ஆகவே புரோஸ்டேட்டில் விதை பதிக்க வந்தவருக்கு முதல் வரியில் இருக்க வேண்டியது சி61. அதேபோல், கருப்பை வாய்ப் புற்றுநோயில் கட்டி உட்பகுதியில் இருந்தால் சி53.0, வெளிப்பகுதியில் இருந்தால் சி53.1 என்று பதிவிலிருந்தே தெரியும்போது, இடம் குறிப்பிடப்படாதது எனப் பொருள்படும் சி53.9-ஐ எழுதுவது தடை செய்யப்பட்டதன்று என்றாலும், படிக்காமல் எழுதியதற்கான அடையாளம்.

செயல் குறியீடுகளை விளங்கிக்கொள்ள, கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கான ஒரு நாள் சிகிச்சையை நெருங்கிப் பார்ப்பது நல்லது. மயக்கமருந்து கொடுக்கப்பட்ட பின், கருப்பைக்குள் செல்லும் டேண்டம் என்ற வளைந்த குழாயும், கருப்பை வாயின் இருபுறமும் அமரும் ஓவாய்டு என்ற இரண்டு குமிழ்களும் பொருத்தப்படுகின்றன. இந்தப் பொருத்துதல் ஓர் அறுவைச் செயல்; அதன் குறியீடு 57155. பின்னர் குழாய்கள் அசையாதபடி நோயாளியை சிடி ஸ்கேன் அல்லது எம்ஆர்ஐ அறைக்குக் கொண்டு செல்கிறார்கள். மருத்துவர் கட்டியின் எல்லையையும் சிறுநீர்ப்பை, மலக்குடல், சிக்மாய்டு குடல் ஆகியவற்றின் எல்லைகளையும் படத்தில் வரைகிறார். மருத்துவ இயற்பியலாளர், ஒவ்வொரு குழாயிலும் மூலம் எந்தெந்தப் புள்ளியில் எத்தனை நொடி நிற்க வேண்டும் என்று கணினியில் கணக்கிடுகிறார். இந்தக் கணக்குக்குப் பெயர் ஐசோடோஸ் திட்டம். இதற்கு மூன்று குறியீடுகள் உண்டு: ஆஃப்டர்லோடரில் ஒரே ஒரு சேனல், அதாவது மூலம் செல்லும் ஒரு தடம், பயன்பட்டால் 77316, இரண்டு முதல் பன்னிரண்டு வரை என்றால் 77317, பன்னிரண்டுக்கு மேல் என்றால் 77318. ஒரு டேண்டமும் இரண்டு ஓவாய்டுகளும் மூன்று சேனல், எனவே 77317. அதன் பின் சிகிச்சை அறையில் மூலத்தைச் செலுத்துவதற்கும் இதே கணக்கில் மூன்று குறியீடுகள்: 77770, 77771, 77772. இங்கே பொருந்துவது 77771. மருத்துவமனையின் பில்லில் மூலத்துக்காக சி1717 என்ற பொருட்குறியீடும் சேர்கிறது.

இந்த ஒரு நாளின் செயல்களில் குறைந்தது மூன்று வெவ்வேறு வகை உழைப்பு இருக்கிறது: பொருத்தும் கையின் உழைப்பு, கணக்கிடும் இயற்பியலாளரின் உழைப்பு, கதிரைச் செலுத்தும்போது உடனிருந்து கண்காணிக்கும் உழைப்பு. உயர் வீதச் சிகிச்சை தொடங்கும்போது அதற்கென உரிமம் பெற்ற மருத்துவரும் மருத்துவ இயற்பியலாளரும் நேரில் இருந்தாக வேண்டும் என்று அமெரிக்க அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையத்தின் விதி கூறுகிறது. மருத்துவர் கையொப்பமிட்ட எழுத்துமூல ஆணை இல்லாமல் மூலம் பெட்டகத்தை விட்டு வெளியே வரக் கூடாது என்பதும் விதி. பாதுகாப்புக்காக எழுதப்பட்ட அந்த ஆவணங்களே கோடருக்கும் முதன்மையான சான்றாக அமைகின்றன என்பது, இத்துறையில் மற்றத் துறைகளுக்கு இல்லாத ஒரு வசதி.

மருத்துவர் முதலில் நோயாளியைப் பார்த்து, வெளிக்கதிர் எவ்வளவு, உட்கதிர் எவ்வளவு, எத்தனை தவணை என்று முடிவெடுக்கும் மருத்துவத் திட்டமிடல் 77263 என்ற தனிக் குறியீடாகச் சிகிச்சைத் தொடருக்கு ஒருமுறை மட்டும் வருகிறது. ஒவ்வொரு தவணைக்கும் அதைப் போட முடியாது. அடிப்படைக் கதிரளவுக் கணக்கான 77300-ஐ ஐசோடோஸ் திட்டத்தோடு சேர்த்துக் கேட்க முடியாது. ஏனெனில் 2015-ல் புதிய திட்டக் குறியீடுகள் வந்தபோதே அந்தக் கணக்கு அவற்றுக்குள் அடக்கப்பட்டுவிட்டது.

தவறு மிகுதியாக நிகழும் இடம் வேறொன்று. கருப்பையை அகற்றிய பின் யோனிக்குள் ஒரு சிலிண்டரை வைத்து அளிக்கும் சிகிச்சையில், முதல் தவணைக்கு உருவாக்கிய திட்டமே மீதித் தவணைகளுக்கும் பெரும்பாலும் பயன்படுகிறது. இரிடியம் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு சதவீதம் வலிமை இழப்பதால், நிறுத்தும் நொடிகளை மட்டும் கணினி சற்றே நீட்டிக்கொள்கிறது. அதைத் திட்டமாகக் கருதி, மூன்று தவணைக்கு மூன்று முறை 77316 கேட்பது தவறு. புதிதாக ஸ்கேன் எடுத்து, புதிதாக எல்லை வரைந்து, புதிதாகக் கணக்கிட்டு, அதன் தேவையையும் மருத்துவர் எழுதியிருந்தால் மட்டுமே இரண்டாவது திட்டத்துக்குக் கட்டணம் உண்டு. மாறாக, டேண்டமை ஒவ்வொரு முறையும் புதிதாகப் பொருத்தும் சிகிச்சையில் குழாயின் இருப்பிடமும் உறுப்புகளின் நிலையும் மாறுவதால், ஒவ்வொரு முறையும் புதிய திட்டம் தேவைப்படுகிறது. இந்த இரண்டையும் ஒரே விதியால் அளக்கும் கோடர், ஒன்றில் மிகையாகவும் மற்றொன்றில் குறைவாகவும் பில் போடுகிறார். குறைவான பில்லைப் பற்றி எவரும் கேள்வி எழுப்புவதில்லை என்பதால் அந்தத் தவறு கண்டுபிடிக்கப்படாமலே போய்விடுகிறது.

சேனலை எண்ணும் முறை எப்படி வந்தது என்பது சுவையான வரலாறு. 2008 வரை உயர் வீதச் சிகிச்சையைச் செலுத்துவதற்கு 77781 முதல் 77784 வரை நான்கு குறியீடுகள் இருந்தன. மூலம் நிற்கும் இடங்கள் அல்லது குழாய்கள் ஒன்று முதல் நான்கு வரை, ஐந்து முதல் எட்டு வரை, ஒன்பது முதல் பன்னிரண்டு வரை, பன்னிரண்டுக்கு மேல் என்பது அவற்றின் பிரிவு. 'இடங்கள் அல்லது குழாய்கள்' என்ற அந்தத் தொடரில்தான் சிக்கல் ஒளிந்திருந்தது. ஒரே ஒரு குழாய்க்குள் மூலம் ஐந்து மில்லிமீட்டருக்கு ஒருமுறை நிற்கும்படி திட்டமிட்டால், ஏழு சென்டிமீட்டர் நீளத்துக்குள் பதினைந்து இடங்கள் வந்துவிடும். சொற்களை எழுத்துக்கு எழுத்துப் படித்தால், மிக எளிய சிலிண்டர் சிகிச்சையும் மிகச் சிக்கலானதற்கு உரிய குறியீட்டைப் பெற்றுவிடும். நிற்கும் இடங்களின் எண்ணிக்கை கணினியின் ஓர் அமைப்பைப் பொறுத்தது. குழாய்களின் எண்ணிக்கையோ மருத்துவரின் கையுழைப்பைப் பொறுத்தது. 2009-ல் வந்த 77785, 77786, 77787 ஆகியவை இடத்தைக் கைவிட்டு சேனலை மட்டும் அளவாகக் கொண்டன. 2016 ஜனவரி 1 முதல் அவற்றின் இடத்தில் இன்றைய 77770 வரிசையும், தோலின் மேற்பரப்பில் செய்யப்படும் சிகிச்சைக்கென 77767, 77768 என்ற தனி இணையும் வந்தன. அளவை மாற்றியது சரியான முடிவு என்பதில் ஐயமில்லை. கட்டணம் உழைப்பைப் பின்தொடர வேண்டுமேயல்லாமல், மென்பொருளின் அமைப்பைப் பின்தொடரக் கூடாது.

ஆனாலும் எண்ணுவதில் கவனம் வேண்டும். புரோஸ்டேட்டுக்கு உயர் வீதச் சிகிச்சை செய்யும்போது பதினான்கு ஊசிகள் செருகப்பட்டதாக அறுவைக் குறிப்பு சொல்லலாம். திட்டத்தின் அச்சுப்படியில் பதினொன்றில் மட்டுமே மூலம் சென்றதாக இருக்கலாம். அப்போது 77772-க்கு இடமில்லை, 77771-தான். குறிப்பை மட்டும் படிப்பவருக்கு இது தெரியாது; சேனல் வாரியாக நொடிகள் அச்சிடப்பட்ட பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பவருக்கே தெரியும்.

இனி விதைகளுக்கு வரலாம். அல்ட்ராசவுண்ட் படத்தின் துணையோடு, விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் இடைப்பட்ட தோல் வழியாக ஊசிகளைச் செருகுவது 55875. ஊசிகளை வழிநடத்தும் அல்ட்ராசவுண்ட் 76965. விதைகளைப் பதிப்பது 77778. ஊசி செருகுபவர் பெரும்பாலும் சிறுநீரியல் மருத்துவர். பதிப்பவர் கதிர்வீச்சுப் புற்றுநோய் மருத்துவர். பதித்து முடித்ததும், விதை ஏதேனும் சிறுநீர்ப்பைக்குள் விழுந்துவிட்டதா என்று சிஸ்டோஸ்கோப்பை விட்டுப் பார்ப்பது வழக்கம். அதற்குத் தனிக் கட்டணம் கேட்பதற்கு வழியில்லை. சிஸ்டோஸ்கோப்பி செய்தாலும் செய்யாவிட்டாலும் என்று 55875-இன் விளக்கத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. மூலத்தைக் கையாள்வதையும் நிரப்புவதையும் குறிக்கும் 77790-உம் 2016 முதல் 77778-க்குள் அடங்கிவிட்டது.

விதைகளின் விலை பற்றிய சர்ச்சை இவற்றைவிட நீளமானது. மெடிகேர் 2000 ஆகஸ்ட்டில் மருத்துவமனைப் புறநோயாளிப் பிரிவுக்கு முன்நிர்ணயக் கட்டண முறையைக் கொண்டுவந்தது. அதாவது செலவு எவ்வளவு ஆனாலும், ஒத்த செயல்களை ஒரு குழுவாக்கி, அக்குழுவுக்கு முன்கூட்டியே நிர்ணயித்த தொகையை மட்டும் தருவது. 2003-ல் புரோஸ்டேட் சிகிச்சைக்கு விதையின் விலையும் சேர்ந்த ஒரே தொகை வைக்கப்பட்டது. கல்யாண விருந்துக்கு இலைக் கணக்கில் பணம் கொடுப்பதற்கும் மொத்தக் குத்தகையாகப் பேசி முடிப்பதற்கும் உள்ள வேறுபாடுதான் இங்கும். பந்தியில் எத்தனை பேர் அமர்வார்கள் என்று தெரியாதபோது, குத்தகை எடுத்தவர் இலையைக் குறைக்கவே முயல்வார். சிறிய சுரப்பிக்கு ஐம்பது, அறுபது விதை போதும். பெரிய சுரப்பிக்கு நூறைக் கடக்கும். ஒரே தொகை என்றால் பெரிய சுரப்பி உள்ள நோயாளியால் மருத்துவமனைக்கு நட்டம் நேரும். 2003-ஆம் ஆண்டு மெடிகேர் சீர்திருத்தச் சட்டத்தின் வழியே அமெரிக்க நாடாளுமன்றமே தலையிட்டு, பிராக்கிதெரபி மூலங்களுக்கு, அவற்றின் எண்ணிக்கை, ஐசோடோப்பின் வகை, கதிரியக்க வலிமை ஆகியவற்றைக் காட்டும் வகையில், தனித்தனியே கட்டணம் தர வேண்டும் என்று ஆணையிட்டது. 2004 முதல் மருத்துவமனையின் செலவுக்கேற்பப் பணம் கிடைத்தது. அடுத்தடுத்த சட்டங்கள் அந்த ஏற்பாட்டை 2009 முடிவு வரை நீட்டித்தன. 2010 ஜனவரி முதல் விதைக்கும் முன்நிர்ணயத் தொகை வந்தது என்றாலும், விதையை விதையாக எண்ணும் உரிமை நிலைத்துவிட்டது.

அந்த எண்ணும் உரிமையின் விளைவாகவே இன்றைய பட்டியல் இவ்வளவு நுணுக்கமாக இருக்கிறது. ஒரு நூலில் கோத்த அயோடின்-125 விதைக்கு சி2638, தனித்த விதைக்கு சி2639. பல்லேடியம்-103 கோத்ததானால் சி2640, தனித்ததானால் சி2641. சீசியம்-131-க்கு சி2642-உம் சி2643-உம். கோத்ததும் தனித்ததும் 2007 ஜூலை முதல் பிரித்துக் காட்டப்படுகின்றன. பில்லில் அலகாக வருவது நூலின் எண்ணிக்கையன்று, அதிலுள்ள விதைகளின் எண்ணிக்கை. குறிப்பிட்ட நோயாளிக்கென வாங்கப்பட்டுப் பதிக்கப்படாமல் மிஞ்சிய ஒன்றிரண்டு விதைகளுக்கும் மெடிகேர் பணம் தரும். ஆனால் அந்த எண்ணிக்கை மருத்துவரின் ஆணையோடு ஒத்திருக்க வேண்டும், நியாயமான அளவில் இருக்க வேண்டும், அந்த விதைகள் வேறெந்த நோயாளிக்கும் பயன்படுத்தப்பட்டிருக்கக் கூடாது.

சி1717-க்கோ இந்தத் தர்க்கம் நேராகப் பொருந்துவதில்லை. விதை ஒரு நோயாளிக்கு மட்டும் உரியது. ஆஃப்டர்லோடரில் உள்ள இரிடியம் மூலமோ மூன்று மாதம் பல நோயாளிகளின் உடலுக்குள் சென்று வருகிறது. 'ஒரு மூலத்துக்கு' என்ற குறியீட்டின் சொற்களை அப்படியே எடுத்துக்கொண்டால் ஒவ்வொரு நோயாளியின் பில்லிலும் முழு மூலத்தின் விலை ஏறிவிடும். ஆகவே நடைமுறையில் மருத்துவமனை, மூலத்தின் வாங்குவிலையை அதன் பயன்காலத்தில் நடக்கவிருக்கும் சிகிச்சைகளின் எண்ணிக்கைக்குப் பகிர்ந்து, ஒரு தவணைக்கு ஓர் அலகு என்று கேட்கிறது. இங்கே சேனலின் எண்ணிக்கையை அலகாகப் போட்டு, டேண்டம்-ஓவாய்டு சிகிச்சைக்கு மூன்று சி1717 கேட்பது புதியவர்கள் செய்யும் பிழை. ஒரே மூலம்தான் மூன்று குழாய்க்கும் போய் வருகிறது. நோயாளிகள் நிறைய வரும் பெரிய மருத்துவமனைக்கு இந்தப் பகிர்வு இலாபமாகவும், மாதத்துக்கு நான்கைந்து சிகிச்சை மட்டுமே நடக்கும் சிறிய மருத்துவமனைக்குச் சுமையாகவும் அமைகிறது. மூலம் சும்மா இருந்தாலும் சிதைந்துகொண்டேதான் இருக்கும்.

எண்ணுவதை எதிர்க்கும் போக்கும் இதே காலத்தில் வலுத்து வந்திருக்கிறது. ஒன்றாக நிகழும் செயல்களைத் தனித்தனியே பில் போடுவதைத் தடுக்க, என்சிசிஐ என்னும் இணைத்தடைப் பட்டியலை மெடிகேர் 1996-ல் தொடங்கியது. 2008-ல் 55875-உம் 77778-உம் ஒரே நாளில் நிகழ்ந்தால் இரண்டுக்கும் சேர்த்து ஒரே கூட்டுத் தொகை என்று ஆயிற்று. 2015 முதல் ஒருங்கிணைந்த கட்டணக் குழு என்ற முறை வந்தது: ஒரு முதன்மைச் செயல் நடந்தால், அதே கிளைமில் உள்ள பெரும்பாலான துணைச் செயல்களுக்கான பணமும் அதன் தொகைக்குள் அடங்கிவிடும். சட்டத்தின் பாதுகாப்பு இருப்பதால் மூலங்கள் மட்டும் இதிலிருந்து விலக்குப் பெற்று, தனியே பணம் பெறுகின்றன.

இந்த முறை பித்தப்பை அகற்றுவது போன்ற, ஓர் அறையில் ஒரு மணி நேரத்தில் முடியும் செயலுக்குப் பொருந்துகிறது. கருப்பை வாய்ப் புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் பொருந்தவில்லை என்றே சொல்ல வேண்டும். அதில் குழாய் பொருத்துவது தொடக்கம் மட்டுமே. எம்ஆர்ஐ, எல்லை வரைதல், கணக்கிடுதல், செலுத்துதல் என்று செலவின் பெரும்பகுதி அதற்குப் பின்னால் வருகிறது. பொருத்துதலை முதன்மைச் செயலாகக் கொண்டு மற்றதை அதற்குள் அடக்கும்போது, உழைப்பின் கனமான பகுதி கணக்கில் மங்கிவிடுகிறது. கதிர்வீச்சுப் புற்றுநோய் மருத்துவர்களின் அமெரிக்க அமைப்புகள் மெடிகேருக்குத் தொடர்ந்து சொல்லிவரும் குறையும் இதுவே.

இதன் விளைவு காகிதத்தோடு நிற்பதில்லை. வெளிக்கதிர் பெற்ற, கட்டி ஓரளவு முற்றிய நிலையிலிருந்த கருப்பை வாய்ப் புற்றுநோய்ப் பெண்களை அமெரிக்கப் புற்றுநோய்ப் பதிவேட்டின் துணையோடு ஆராய்ந்து 2013-ல் வெளிவந்த கட்டுரை, பிராக்கிதெரபியும் பெற்றவர்கள் 1988-ல் 83 சதவீதமாக இருந்து 2009-ல் 58 சதவீதமாகக் குறைந்ததைக் காட்டியது. பெற்றவர்கள் பெறாதவர்களைவிடக் கூடுதலாகப் பிழைத்திருந்ததையும் அதே கட்டுரை காட்டியது. இந்த வீழ்ச்சிக்குக் கட்டணம் மட்டுமே காரணம் என்று கூறிவிட முடியாது. பயிற்சி பெற்ற மருத்துவர் குறைந்ததும், ஐஎம்ஆர்டி என்னும் நுட்பமான வெளிக்கதிர் முறை பரவியதும் காரணங்கள். ஆயினும், 2002-ல் தனிக் குறியீடுகள் பெற்ற ஐஎம்ஆர்டி பல வாரங்கள் நாள்தோறும் செலுத்தப்பட்டு நாள்தோறும் பில்லாகும் சிகிச்சை. பிராக்கிதெரபியோ நான்கைந்து நாளில் முடிந்து, ஒவ்வொரு நாளும் மருத்துவரையும் இயற்பியலாளரையும் பல மணி நேரம் பிடித்துவைக்கும் சிகிச்சை. ஒரு மணி நேர உழைப்புக்குக் குறைந்த பணம் தரும் சிகிச்சையை மருத்துவமனைகள் காலப்போக்கில் கைவிடுவது வியப்புக்குரியதன்று. அந்தக் கைவிடலின் விலையைச் செலுத்துபவர் நோயாளி.

குறியீட்டில் மிகையாகக் கேட்பதற்கும் விலை உண்டு. அமெரிக்க உள்நாட்டுப் போர்க்காலத்தில், 1863-ல், படைக்குப் போலிச் சரக்கு விற்றவர்களைப் பிடிப்பதற்காக இயற்றப்பட்ட பொய்க் கோரிக்கைச் சட்டமே இன்று மருத்துவப் பில்லுக்கும் பொருந்துகிறது. அரசுக்கு நேர்ந்த இழப்பின் மும்மடங்கும் அதோடு ஒவ்வொரு கிளைமுக்கும் தனி அபராதமும் அதில் உண்டு. உள்ளிருந்து தகவல் கொடுத்தவருக்கு மீட்கப்பட்ட தொகையில் 15 முதல் 30 சதவீதம் வரை பங்கும் உண்டு. கூடுதலாகப் பெற்றதை அறிந்தபின் 60 நாளுக்குள் திருப்பாமல் வைத்திருப்பதும் இச்சட்டத்துக்குள் வரும். ஆகவே பதிவில் இல்லாததைக் கோடர் ஊகித்து எழுதக் கூடாது. சேனலின் எண்ணிக்கை தெளிவாக இல்லாவிட்டால் மருத்துவருக்கு விளக்கம் கேட்டு எழுதுவதே முறை. அந்தக் கேள்வியும் 'பன்னிரண்டுக்கு மேல்தானே?' என்று விடையைத் தூண்டுவதாக இருக்கக் கூடாது.

தமிழ்நாட்டு மருத்துவமனைகளில் கணக்கு வேறு. 2009-ல் தொடங்கி 2012-ல் மறுவடிவம் பெற்ற முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்திலும், 2018-ல் வந்த ஒன்றிய அரசின் திட்டத்திலும் சிகிச்சைக்குத் தொகுப்புக் கட்டணம்தான். இந்தியப் பெண்களிடையே மார்பகப் புற்றுநோய்க்கு அடுத்தபடியாகக் காணப்படுவது கருப்பை வாய்ப் புற்றுநோய் என்பதால், பிராக்கிதெரபி அறைகள் இங்கே ஓய்வதில்லை. அந்த அறையின் வேலைக்குச் சேனல் வாரியாகப் பணம் கேட்பவர் எவருமில்லை. சென்னையின் ஒரு கணினித் திரையில் அமெரிக்க நோயாளியின் மூன்று குழாய்களை எண்ணும் பெண், தன் ஊர் அரசு மருத்துவமனையில் அதே மூன்று குழாய்கள் ஒரே தொகுப்புக்குள் அடங்கிப்போவதைப் பற்றி எண்ணிப் பார்க்க வாய்ப்பில்லாமல் போவது இந்தத் தொழிலின் அமைப்பிலேயே உள்ள ஒரு விந்தை.

மெடிக்கல் கோடிங் கற்பிக்கும் நிலையங்கள் எண்களை மனப்பாடம் செய்வித்து, தேர்வுக்கு அனுப்பி, கிளைம் மறுக்கப்பட்டு டினையலாகத் திரும்பி வந்தபின் காரணத்தைத் தேடக் கற்றுக்கொடுப்பதையே இன்று பெரிதும் செய்கின்றன. சிபிடி ஆண்டுதோறும் ஜனவரி 1-லும், ஐசிடி ஆண்டுதோறும் அக்டோபர் 1-லும் மாறுகின்றன. மனப்பாடம் ஓராண்டுக்குக்கூடத் தாங்காது. அதற்கு மாறாக, பெயர் நீக்கப்பட்ட ஒரு முழுக் கோப்பை, அறுவைக் குறிப்பு, எழுத்துமூல ஆணை, சேனல் வாரியான திட்டத்தின் அச்சுப்படி, சிகிச்சை முடிந்தபின் கருவி தரும் பதிவு ஆகிய நான்கையும் சேர்த்து, மாணவர் கையில் கொடுத்துப் படிக்கச் செய்ய வேண்டும்; இயன்றால் அருகிலுள்ள புற்றுநோய் மருத்துவமனையின் இயற்பியலாளர் ஒருவரை அழைத்து, டேண்டமையும் ஓவாய்டையும் சிலிண்டரையும் மேசைமேல் வைத்து விளக்கச் செய்ய வேண்டும். பாடத்திட்டத்தில் இதற்கு ஒரு முழு நாள் ஒதுக்குமாறு பயிற்சி நிலையங்களை நடத்துவோரைக் கேட்டுக்கொள்வது இவ்வுரையின் நோக்கம்.